என் கடைக் கோட்டும் பொபெஷின் பதினாறு வளையங்களும்

குரோமெரிஷ்,
செப்டம்பர் 14

அன்பும் மரியாதையும் நிறைந்த ஜர்மிலா அக்காவுக்கு, தம்பி ஒல்ட்ரிஹ் எழுதிக்கொள்வது. நானும் இறைச்சிக் கடையும் நலம். மருந்து ஊற்று வைத்தியசாலையில் உன் புது முட்டியும் நலமாய் மடங்கி நிமிர ஆண்டவன் அருளட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ குடிபோகப்போகும் மகள் வீட்டு நான்காம் மாடிக்கு நாயைக் கூட்டிப்போக முடியாதென்று, உன் பொபெஷும் நானும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியை ஒழுங்காய் முடித்தால் நாய் எனக்கு, இல்லையென்றால் போஸ்ட்மாஸ்டர் ஹூபர்ட்டுக்கு என்று சொல்லியிருந்தாய். ஊரார் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். கெட்ட சரக்கை நான் மறைத்து விற்றதில்லை.

மூட்டு தேய்ந்த, முதுகு பிடித்த நாய்களுக்கான போட்டி. தாண்டக் கூடாது, ஏறக் கூடாது, தரையோடு வளையங்களுக்குள் நுழைந்து பீப்பாய்களைச் சுற்றி வந்தால் போதும். நம் குட்டைக்கால் கிழவனுக்கு ஏற்றதுதான். என் பாடுதான் திண்டாட்டம்: சுண்ணாம்புக் கட்டத்தை விட்டு நகராமல் வாயாலும் கையாலும் மட்டுமே வழிகாட்ட வேண்டுமாம். பன்றி பிடிப்பது முதல் தொத்திறைச்சிக்குப் புகை போடுவது வரை முப்பது வருஷமாய் எதையும் ஆள்விட்டுச் செய்யாதவன் நான். சரி, நின்றேன். "போடா பொபெஷ்" என்றேன். அவன் என்னையே சுற்றினான். பத்துச் சுற்று. கயிற்றுக்கு அப்பாலிருந்து ஹூபர்ட், "யோவ் ஒல்ட்ரிஹ், உன்னையே பீப்பாய்னு நெனச்சுட்டான்யா!" என்றார். நடுவரம்மா வந்து, "கோட்டுப் பையில தீனி வச்சிருக்கீங்களா? களத்துக்குள்ள கூடாதுங்க" என்றாள். பையை உதறிக் காட்டினேன், காலி. மோந்து பார்த்தாள். "கோட்டே தீனிதாங்க. கழட்டுங்க." கடையிலிருந்து நேரே போனவன் வேறு எதைப் போட்டுக்கொண்டு போவேன்? கழற்றினேன். கட்டத்தை விட்டு நகரக் கூடாதே என்று, இருந்த இடத்திலிருந்தே கயிற்றுக்கு அப்பால் தூரமாய் வீசினேன். பன்னிரண்டு வருஷப் புகை, அக்கா! முறைக்குக் காத்திருந்த, தாண்டவே கூடாத நாய்கள் பதின்மூன்றும் கயிற்றைத் தாண்டிப் பாய்ந்தன. தள்ளுவண்டியில் வந்த ஒன்று வண்டியோடு வந்தது. சொன்னால்தான் சாப்பிடும் என்று ஹூபர்ட் பீற்றிக்கொள்கிற அவர் நாய் ஆஸ்டர்தான் முதலில் கோட்டின் கையைக் கவ்வியது. "ஆஸ்டர், உக்காரு! டேய், என் மானம் போகுதுடா!" என்று அவர் அலறியது ஆற்றங்கரை வரை கேட்டிருக்கும்.

அந்த ரகளையில் பொபெஷ் மட்டும் களத்திலேயே நின்றான். கோட்டை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. நான் கையை நீட்டினேன். போனான், அக்கா. பதினாறு வளையமும் வரிசையாய், ஒரு பீப்பாய் தப்பாமல், வாலைத் தூக்கிக்கொண்டு. பார்த்தவன் நான் ஒருத்தன்தான். நடுவரம்மா உட்பட மற்ற எல்லோரும் கோட்டின் மேல் கிடந்தார்கள். களத்திலிருந்து பொருளை வீசியதற்காக எங்களைப் போட்டியிலிருந்து நீக்கி எழுதிவிட்டாள்.

பேச்சு பேச்சாக இருக்க வேண்டும். ஹூபர்ட்டிடம் தோட்டம் இருக்கிறது, பொழுது இருக்கிறது. என்னிடம் இருப்பதெல்லாம் கொழுப்பு. அவருக்கே கொடுத்துவிடு, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

ஊற்று நீரை முகம் சுளிக்காமல் குடி. மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள்.

உன் சொல்லை என்றும் மீறாத தம்பி,
ஒல்ட்ரிஹ்

பி.கு.: நேற்று ஹூபர்ட் கயிறும் கையுமாய் பொபெஷைக் கூட்டிப்போக வந்தார். நீ மனசு மாறிவிட்டாய் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆகவே, தயவுசெய்து மாறிவிடு.