விலை கேட்கலாம், இடம் கேட்கக் கூடாது

கல்முனைக்குடி,
வியாழக்கிழமை.

பேரன்புக்குரிய மருமகன் றிபாத் அவர்களுக்கு மாமா மீராசா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் மீன் வாங்கி விற்கும் நமது வாடியில் நீங்கள் வைத்த கூட்டத்தில் மீனவர்கள் எல்லாரும் உங்களுக்குப் பொய் சொல்லிவிட்டார்கள். நீங்கள் கொழும்புக்குக் கொண்டுபோன கடல் வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்த இடத்தில் எந்த மீனும் சினை விடுவதில்லை. அந்த இடத்தை மூன்று மாதம் மீன்பிடிக்கு மூடச் சொல்லும் தாளில் தயவுசெய்து கையெழுத்து வைக்காதீர்கள். சுகம் விசாரிக்க முன்னர் இதைச் சொன்னது மரியாதை இல்லைதான். ஆனால் லொறியில் பழுதாகும் சாமானை முதலில் இறக்கித்தான் எனக்குப் பழக்கம்.

இங்கே அல்லாஹ்வின் கிருபையால் எல்லாரும் நலம். மாமி றபீக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்ததை அவர் ஒப்புக்கொள்வதில்லை. உங்கள் சுகமும் என் மகள் பஸ்மினாவின் சுகமும் அறிய ஆசை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீங்கள் யோசிக்கக்கூடும். போனில் நான் ஒரு விசயத்தைச் சொன்னால் நீங்கள் அதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கி, கடைசியில் நானே ஓம் மகன், ஓம் மகன் என்று எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு போனை வைத்துவிடுகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே கதைக்க ஏலாது.

மகன், நீங்கள் வந்து கேட்டபோது எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. கடலை அளக்கும் இயந்திரங்களுக்குத் தெரியாதது கடலில் வயது போனவர்களுக்குத் தெரியும், மீன் எங்கே கூடுகிறது எப்போது கூடுகிறது என்று அவர்களிடமே கேட்டுச் சட்டம் போட்டால்தான் அந்தச் சட்டத்தை அவர்கள் மதிப்பார்கள் என்று சொன்னீர்கள். படித்த ஆள் ஒருவர் இப்படிக் கதைப்பதை நான் முதல்முறை கேட்டேன், அதுவும் என் மருமகன். எனக்கு எப்படி வியாபாரம் ஒழுங்குபண்ணத் தெரியுமோ அப்படியே கூட்டத்தையும் ஒழுங்குபண்ணினேன். என் வாடிக்கு மீன் போடுகிற போட்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டேன், ஐஸ் பெட்டிகளை ஒதுக்கித் தரையைக் கழுவி, கலியாண மண்டபத்திலிருந்து கதிரை எடுத்து, மாட்டிறைச்சிக் கறியும் நெய்ச்சோறும் போட்டேன். வந்தவர்கள் நீங்கள் கதைப்பதை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக முன்வரிசையில் நடுக் கதிரையில் நானே இருந்தேன். யாராவது தலையாட்டாவிட்டால் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் ஆட்டினார்கள்.

பிறகு நீங்கள் மேசையில் அந்தப் பெரிய தாளை விரித்து, மீன் சினை விடக் கூடுகிற இடத்தைச் சிவப்புப் பேனையால் குறியுங்கள் என்றீர்கள். எல்லாரும் கை கழுவ வெளியே போய் வந்து, ஒருவருக்குப் பின் ஒருவராக எழும்பி, காரைதீவுக் கரைக்கு நேரே கிட்டக் கடலில் ஒரே இடத்தில் வட்டம் போட்டார்கள். உங்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. இத்தனை பேர் ஒரே இடத்தைக் காட்டுவது ஆராய்ச்சியில் அபூர்வம் என்று சொன்னீர்கள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. இந்த ஊரில் பெருநாள் பிறையைக்கூட ஒன்றாகக் கண்டதாக ஒத்துக்கொள்ளாத ஆட்கள் அவர்கள். மீன் ஏலத்தில் எல்லாரும் ஒரே விலையைச் சொன்னால் அது விலை இல்லை மகன், வெளியில் வைத்துக் கதைத்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனாலும் மருமகன் சந்தோசமாக இருக்கிறாரே என்று பேசாமல் இருந்தேன். அது என் பிழை.

இன்று காலையில் காரைதீவிலிருந்து செல்லத்தம்பி வந்தார். உங்களுக்கு அவரைத் தெரியாது. சின்ன வள்ளத்தில் நண்டு வலை போடுகிறவர், அவரும் அவரோடு இன்னும் கொஞ்சப் பேரும் கரைக்குக் கிட்டத்தான் தொழில். கொழும்பில் நீங்கள் வேலை செய்யும் கந்தோரிலிருந்து அவர்களின் சங்கத்துக்கு அறிவித்தல் போயிருக்கிறது, ஆட்சேபம் இருந்தால் மாத முடிவுக்குள் சொல்லுங்கள் என்று. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து, என் தராசுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். நான் பெரிய மனிதர்போல, மீன் பெருகத்தானே செய்கிறார்கள், எல்லாருக்கும் நல்லதுதானே என்று தொடங்கினேன். அவர் சத்தம் போடவில்லை.

"அது சேத்து நிலம் முதலாளி. அங்க மீன் வந்தா வழி தவறி வந்ததாத்தான் இரிக்கும். மாரி முடிஞ்சு கடல் அடங்கினா நண்டு வரும், மூணு மாசம். அந்த மூணு மாசத்தில எடுக்கிற அரிசிதான் மத்த மாசங்களுக்கு. அதே மூணு மாசத்தத்தான் இந்தத் தாளில மூடி வெச்சிரிக்கு. எங்களக் கேக்காம எங்கட இடத்த ஆரு காட்டினது?"

நான் கூட்டம் வைத்ததைச் சொன்னேன். பிறகு, எங்களை ஏன் கூப்பிடவில்லை என்று அவர் கேட்க முன்னரே, நீங்கள் என் வாடிக்கு மீன் தருவதில்லையே, எப்படிக் கூப்பிடுவது என்றும் நானே சொல்லிவிட்டேன். அவர் தாளைத் திரும்ப மடித்தார்.

"உங்களுக்கு மீன் தாறவனுக்கு மட்டுந்தானா முதலாளி கடல் தெரியும்?"

மகன், சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்ற காலத்திலிருந்து நான் யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டது கிடையாது. வரி கேட்டு வந்தவருக்கும் சொன்னேன், கடன் கேட்டு வந்தவருக்கும் சொன்னேன். செல்லத்தம்பியிடம் மட்டும் தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். குடிக்காமல் போனார்.

உடனே கடற்கரைக்குப் போனேன். நிப்றாஸ் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான், பக்கத்தில் ஷரிபுதீன் ஹாஜியார் எஞ்சினைக் கழற்றி வைத்துக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் என் வாடிக்கு மீன் போடுகிறவர்கள், சொந்த மச்சான்மார், தொழிலில் பரம எதிரிகள். நிப்றாஸைப் பற்றி ஒன்று சொன்னால் உங்களுக்கு விளங்கும். அவன் போட் கரைக்கு வந்தவுடன் ஜீபீஎஸ் பெட்டியைக் கழற்றித் துவாயால் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் மேல்தட்டில் வைத்துப் பூட்டுகிறான். மனைவியின் நகை கீழ்த்தட்டில் இருக்கிறது. ஏன்டா அந்த இடத்தைக் காட்டினாய் என்று நேராகக் கேட்டேன். நிப்றாஸ் வலையைத் தொடர்ந்து பொத்தினான். பதிலை ஹாஜியார்தான் சொன்னார். மருமகன் படித்த பிள்ளை, தூரத்திலிருந்து வந்திருக்கிறார், சாப்பாடும் நன்றாக இருந்தது, வெறும் தாளைக் கொடுத்தனுப்பினால் அவருடைய மனம் நோகும் என்று பார்த்தார்களாம். ஆகவே கை கழுவும் இடத்தில் வைத்து, தங்களில் ஒருவருக்கும் நட்டம் வராத ஓர் இடத்தைப் பேசி முடித்தார்களாம். இதைச் சொல்லும்போது அவர் நன்றி எதிர்பார்க்கிற மாதிரியும் இருந்தது.

சரி, உண்மையான இடத்தைக் காட்டினால் என்ன என்று கேட்டேன். என்னை மூத்த அண்ணன்போல் காக்கா என்று கூப்பிடும் நிப்றாஸ் வலையைக் கீழே வைத்தான்.

"காக்கா, நீங்க முன்னுக்குக் கதிரையில இருந்தீங்க. உங்களுக்கு முன்னால நான் பாரைக் காட்டினா, மறுகா உங்கட மத்த போட் எல்லாம் எனக்கு முதலே அங்க நிக்கும். ஒரு பக்கத்தில நீங்க, மத்தப் பக்கத்தில இந்த மச்சான். எப்பிடிக் காட்டுற?"

பார் என்றால் கடலுக்கு அடியில் கிடக்கும் கல்லு மேடு. அங்கேதான் கலவாயும் விளைமீனும் கூடும். உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாததும் எனக்கு மறந்துபோனதும் ஒன்று இருக்கிறது. இந்தக் கரையில் வியாபாரி மீனவனிடம் விலை கேட்கலாம், இடம் கேட்கக் கூடாது. நிறைய மீன் வந்தாலும் அவன் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவான், நானும் ஒன்றுமில்லையா என்றுதான் கேட்பேன், இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஒன்றுமில்லாததைத் தூக்கித் தராசில் வைப்போம். அந்த மரியாதையில்தான் நாங்கள் இவ்வளவு காலம் சண்டை இல்லாமல் இருக்கிறோம். நான் என்ன செய்தேன் என்றால், அதே ஆட்களை என் சொந்த வாடியில் இருத்தி, என் சோற்றைத் தின்னவைத்து, இடத்தைக் காட்டு என்று உங்கள் வாயால் கேட்பித்தேன். அவர்கள் வேறு என்ன சொல்லுவார்கள்?

எழும்பும்போது ஒன்று கேட்டேன். செல்லத்தம்பியின் வலை அங்கே கிடப்பது உங்களுக்குத் தெரியாதா என்று.

"தெரியும் காக்கா," என்றான் நிப்றாஸ். "ஆனா அவர் கூட்டத்தில இல்லையே."

அவனை ஏசி என்ன பயன்? அவரைக் கூப்பிடாமல் விட்டது நான்.

உங்கள் ஆராய்ச்சி வீண் என்று நான் சொல்லவில்லை, மகன். மீன் குறைகிறது. அது எனக்கு உங்கள் தாளைவிட என் தராசில் தெரிகிறது. முன்னர் ஒரு கலவாயை வைத்தால் தட்டு இறங்கும், இப்போது தட்டு நிறையக் குவிக்க வேண்டியிருக்கிறது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுத் தொடங்க முன்னர் வருகிற மீன் எல்லாம் வயிறு நிறையச் சினையோடு வருகிறது. கொழும்பு ஆட்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள், நானும் கேட்டவர்களுக்கு அனுப்புகிறேன். அந்தப் பாரை யாராவது அந்த மாதங்களில் சும்மா விட்டால் நல்லதுதான். ஆனால் அதைக் காட்டக்கூடிய ஆட்கள் காட்ட மாட்டார்கள். அவர்கள் காட்டாததற்குப் பதிலாக நண்டு பிடிக்கிற ஒரு மனிதன் தன் வருசத்தை இழக்க வேண்டும் என்றால், அப்படி ஒரு படம் நமக்கு வேண்டாம். நாளைக்கு நான் பள்ளியில் தொழுதுவிட்டு வெளியே வந்து காரைதீவுப் பக்கம் எந்த முகத்தோடு லொறியை ஓட்டுவது?

ஆகவே யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். உங்கள் பெரியவரிடம் போய், கல்முனைக் கடலைப் பற்றி எடுத்த தகவல் சரியில்லை என்று சொல்லிப் படத்தைத் திருப்பி எடுங்கள். உங்களுக்கு வெட்கமாக இருந்தால் மாமா கெடுத்துவிட்டார் என்று சொல்லுங்கள், அது உண்மையும்தான். இனிமேல் இந்தக் கரைக்குத் தாளும் பேனையும் கொண்டு வர வேண்டாம். நானும் இனி ஒரு கூட்டமும் ஒழுங்குபண்ண மாட்டேன். கடல் தெரிந்தவர்கள் கடலோடு இருக்கட்டும், நீங்கள் ஆராய்ச்சிக்கு ஒரு குளத்தைப் பாருங்கள், குளத்தில் ஒளிக்க இடம் குறைவு. இது என் கடைசி வார்த்தை.

நெத்தலிக் கருவாடு ஒரு பார்சல் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன், பஸ்மினாவிடம் வெயிலில் காயவைக்கச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் சுகத்தையும் நல்ல பிள்ளைகளையும் தர நானும் மாமியும் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். உங்கள் வாப்பா உம்மாவுக்கு எங்கள் சலாம்.

இப்படிக்கு,
அன்பு மாமா
மீராசா.

பி.கு.: கடிதத்தை ஒட்ட முன்னர் பின்னேர அசர் தொழுதுவிட்டு வந்தேன். வாடி வாசலில் நிப்றாஸும் ஹாஜியாரும் செல்லத்தம்பியும் நின்றார்கள். காலையில் கடற்கரையில் நான் கடைசியாகக் கேட்டது மனதில் குத்தி, இவர்கள் இரண்டு பேரும் செல்லத்தம்பியிடம் மன்னிப்புக் கேட்கக் காரைதீவுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே முதலில் பெரிய ஏச்சு விழுந்திருக்கிறது, பிறகு செல்லத்தம்பி ஒரே ஒரு விசயம் சொன்னாராம்: நண்டு இடத்தைத் திருப்பித் தந்தால் மட்டும் போதாது, பாரை மூடினால்தான் நண்டில்லாத மாதங்களில் அவருடைய வலைக்கும் நாலு மீன் வரும். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள் மகன். வருகிற கிழமை வாருங்கள், தாளையும் பேனையையும் கொண்டு வாருங்கள். பேசி முடித்த நிபந்தனைகள் இவை. கூட்டம் கிடையாது, வாடியும் கிடையாது, சோறும் கிடையாது. நீங்கள் ஒவ்வொரு போட்டிலும் தனித்தனியாக ஏறிக் கடலுக்குப் போக வேண்டும், முதலில் செல்லத்தம்பியின் வள்ளத்தில். உங்களுக்குக் கடலில் தலை சுற்றும் என்று சொன்னேன், அது அவர்களுக்குப் பிரச்சினை இல்லையாம். ஒருவர் காட்டியதை மற்றவருக்குச் சொல்லக் கூடாது. படத்தில் பாரின் பெயரும் இருக்கக் கூடாது, இடம் துல்லியமாகவும் இருக்கக் கூடாது, எல்லாப் பாரையும் உள்ளே வைத்துப் பெரிய வட்டமாகப் போட வேண்டும். நண்டு இடம் அந்த வட்டத்துக்கு வெளியே. மூடுகிற மாதங்களில் வெளி மாவட்டப் போட்டும் உள்ளே வரக் கூடாது, அதற்கு உங்கள் கந்தோர் பொறுப்பு. அந்த மாதங்களில் யார் கொண்டு வந்தாலும், கொழும்பிலிருந்து யார் கேட்டாலும், என் வாடி சினைக் கலவாய் வாங்காது. இதில் கொஞ்ச நேரம் பேரம் பேசிப் பார்த்தேன், செல்லத்தம்பி விடவில்லை, கைகொடுத்துவிட்டேன். கடைசியாக, அறிவித்தலில் வரும் வட்டம் தவிர, நீங்கள் கடலில் குறித்த எதையும் எனக்குக் காட்டக் கூடாது. பஸ்மினாவுக்கும் காட்டக் கூடாது, அவள் என் மகள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கும் சம்மதித்துவிட்டேன்.