எட்டுப் பக்க மேசையில் என் பக்கம்

கள்ளக்குறிச்சி
புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க சின்ன மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகள் தங்கமணி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, கறவை மாடு, நான் என்ற வரிசையில் எல்லோரும் நலம். இதைப் பிரிக்கும்போது உங்கள் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும், அங்கே காற்று அடங்கி, உங்கள் சமையல்கட்டில் எண்ணெய் சிந்தாதிருக்க வேண்டும்.

முதலில், அன்றைக்கு நான் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக் கூடத்தில் தாசில்தாரும் இன்ஸ்பெக்டரும் இரண்டு தரப்பு ஆட்களும் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, "இவர் கையிலும் ஒன்றுமில்லை, அவர் கையிலும் ஒன்றுமில்லை" என்று நான் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் இரண்டு பேருமே எழுந்து போயிருப்பார்கள், சங்கராபுரம் ரோட்டில் மரம் இன்னும் குறுக்கே கிடந்திருக்கும்.

எங்கேயோ தொடங்கி எங்கேயோ போகிறேன். மாமா, மேசை முடிந்துவிட்டது! அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

போன லீவில் எனக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்துவிட்டு நீங்கள் கப்பலேறினீர்கள். கையில் என்ன சீட்டு இருக்கிறது என்பதல்ல, என்ன இருப்பதாக எதிராளி நம்புகிறான் என்பதுதான் ஆட்டம் என்றீர்கள். அதிலிருந்து எனக்கு யார் முகத்தைப் பார்த்தாலும் அதே புத்தி. யாரோடு ஆடுவது? அப்பாவும் கம்பவுண்டர் சுபாஷ் மாமாவும் மற்றவர்களும் ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பாய் விரித்து ரம்மி ஆடுவதும், நான் காபி கொண்டுபோய் வைத்துவிட்டு வாசற்படியில் நிற்பதும் உங்களுக்குத் தெரியும். ஒருநாள், நானும் ஆட வரட்டுமா என்று கேட்டேவிட்டேன்.

"ஆம்பளைங்க நடுவுல பாய்ல பொம்பளப் புள்ள உக்காரக் கூடாதும்மா" என்றார் அப்பா.

"நாற்காலியில?"

"நாற்காலில உக்காந்தா இன்னா, தாராளமா உக்காரு."

"சுத்தி நாற்காலி, நடுவுல மேசை இருந்தா?"

தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், கேள்வி எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பிடி ஒரு மேச வரட்டும், பாக்கலாம்" என்றார். வராது என்ற நம்பிக்கை அவருக்கு. அந்தப் 'பாக்கலாம்' எனக்குப் போதுமானதாக இருந்தது.

வெள்ளிமலையிலிருந்து வந்த பலாப் பலகை மாட்டுக்கொட்டகைப் பரணில் இருந்ததல்லவா, அதை இறக்கினேன். நூலும் ஆணியும் வைத்துத் தினத்தாளில் எட்டுப் பக்கம் வரைந்து பூமாலை ஆசாரியிடம் கொடுத்தேன். அவர் தாளை நாலாபக்கமும் திருப்பிப் பார்த்தார். "வட்டமாக் கேட்டா வட்டம், சதுரமாக் கேட்டா சதுரம். இது இன்னா கண்ணு, ரெண்டுங்கெட்டானா? மேசன்னா தலமாடு ஒண்ணு இருக்கணும். இதுல பெரியவரு எங்க உக்காருவாரு?" எங்கே வேண்டுமானாலும் என்றேன். "சின்னவங்க?" அவர்களும் எங்கே வேண்டுமானாலும் என்றேன். "அப்ப இது மேச இல்ல கண்ணு, டவுன் பஸ்ஸு" என்று சொல்லிவிட்டு இழைப்புளியை எடுத்தார்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் டம்ளர் வைக்க ஒரு குழி என்று நான் எழுதியிருந்தேன். இளைஞர் மன்றங்களுக்கெல்லாம் கேரம் போர்டு செய்து தருகிறவர் ஆசாரி. குழி என்றால் அவருக்கு ஒரே அர்த்தந்தான். எட்டு ஓட்டை போட்டு, எட்டுக்கும் அடியில் நூல் வலை கட்டித் தொங்கவிட்டு, "வலைக்குக் காசு வேணாம், நம்ம வூட்டுப் புள்ளைக்கு" என்று இறக்கிவைத்துவிட்டுப் போனார். டம்ளர் கழுத்துவரை இறங்கி நிற்கிறது, விழவில்லை. பந்தயக் காய்களுக்குப் பதிலாக நாம் வைத்து ஆடும் புளியங்கொட்டையைப் போட்டுவைக்க வலை வசதியாகவும் இருந்தது. மேலே ஒட்டப் பச்சைத் துணி வாங்கச் சேலம் போகலாமென்றால் மறியல் தொடங்கிவிட்டது, பஸ் இல்லை. அம்மாவின் பச்சைக் கம்பளியை அம்மாவைக் கேட்காமல் வெட்டினேன். மரவள்ளி மாவைக் காய்ச்சிப் பசை செய்து ஒட்டினேன். பார்க்க, நீங்கள் சொன்ன அசல் கப்பல் சீட்டு மேசை! இரண்டாம் நாள் எறும்பு வந்தது. அம்மா கம்பளியைப் பார்த்தாள், எறும்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். சீட்டென்றாலே அவளுக்கு ஆகாது, அதிலும் புரட்டாசி மாதம். அவள் மனதில் நினைப்பதெல்லாம் முகத்தில் எழுதியிருக்கும், பாவம்.

இட ஒதுக்கீட்டு மறியல் செய்தி உங்கள் கடலுக்கும் வந்திருக்கும். நம் பக்கத்தில் சங்கராபுரம் ரோட்டில் பக்கத்துக்கு ஒன்றாக, ஆளுக்குப் பாதி ரோட்டை அடைத்து, இரண்டு புளியமரம் குறுக்கே விழுந்தது. மலையடிவாரத்தில் பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு லாரியிலேயே அழுக ஆரம்பித்தது. போராட்டக்காரர் தரப்பில் இளவரசன், லாரிக்காரர் தரப்பில் ராசு. சமாதானப் பேச்சுக்குத் தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசையில் தாசில்தாருக்கு வலப்பக்கம் யார் உட்காருவது என்ற தகராறிலேயே முதல் கூட்டம் கலைந்துவிட்டது. இரண்டு பேரும் அப்பாவிடம் படித்தவர்கள். "நம்ம வூட்ல ஒரு மேச இருக்குது, அதுல தலமாடே கெடையாது" என்று அப்பா வாயை விட்டுவிட்டார். அன்று மாலையே கூட்டம் நம் கூடத்துக்கு வந்துவிட்டது.

தாசில்தார் மேசையைச் சுற்றி நடந்தார். "இன்னா சார் இது, எதுக்கு?"

"சாப்பாட்டு மேசைங்க" என்றார் அப்பா.

"குழி?"

அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். "ரசத்துக்குங்க."

இன்ஸ்பெக்டர் தன் பக்கத்து வலைக்குள் கையை விட்டு ஒரு பிடி புளியங்கொட்டையை எடுத்தார். ரசம் என்றால் புளி இல்லாமலா என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பப் போட்டுவிட்டார்.

ஏழு பக்கம் நிரம்பியது. பேசுவதை எழுத ஆள் வேண்டும் என்றார் தாசில்தார். எட்டாவது பக்கம் காலி. அப்பா என்னைக் கூப்பிட்டார். மாமா, என் மேசையில் நான் முதன்முதலில் உட்கார்ந்தது அப்படித்தான், சீட்டில்லாமல்.

இளவரசன் குரல் கணீரென்று இருந்தது. "எங்க புள்ளைங்க படிச்சிட்டு வேல இல்லாம சுத்திக்கினு கெடக்குது. அதுக்கு ஒரு வழி பொறக்கற வரிக்கும் ஒரு கெள கூட நவுராது." முதல் பாதி சத்தியம், அப்போது அவர் கை அசையவே இல்லை. கிளையைப் பற்றிச் சொன்னபோது தோள் துண்டை எடுத்து நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ராசு விடவில்லை. "நாளைக்குக் காலைல பத்து லாரியும் கெளம்பும், எவன் தடுக்கறான்னு பாக்கறேன்" என்று டம்ளரை எடுத்துக் குடித்தார். டம்ளரில் காபி எப்போதோ தீர்ந்திருந்தது. காலி டம்ளரைக் குடிக்கிறவனிடம் டிரைவர் இல்லை. துண்டை மடிக்கிறவன் காட்டுக்கொல்லையிலும் கிழங்கு பிடுங்கிக் கிடக்கிறது. எனக்குச் சீட்டைத் திருப்பிப் பார்த்த மாதிரி தெரிந்தது.

கையைத் திறந்து காட்டச் சொல்வதற்கும் மரியாதையான வழி ஒன்று உண்டல்லவா? பேனாவைத் தாளில் ஊன்றி, "லாரி எத்தனை மணிக்குன்னு எழுதட்டுங்க? டிரைவருங்க பேரும் சொன்னீங்கன்னா எழுதிக்கறேன்" என்றேன். ராசு மறுபடியும் டம்ளரை எடுத்தார். இளவரசன் பக்கம் திரும்பி, "நீங்க சொன்னதையும் அப்பிடியே எழுதிக்கறேங்க. கெழங்கு அழுகினாலும் பரவால்லன்னு சேத்துக்கட்டுங்களா?" என்றேன்.

துண்டு நின்றது. கூடத்தில் எறும்பு ஊர்கிற சத்தம் கேட்டிருக்கும். உண்மையில் ஊர்ந்தது, தாசில்தார் முழங்கையைச் சொறிந்துகொண்டார்.

"கெழங்குன்னா எல்லார் வூட்டுக் கெழங்கும்தான்" என்றார் இளவரசன் மெதுவாக. "மறியல் மறியலா இருக்கும். ஒரு மரத்த மட்டும் ஓரமாப் போட்டுக்கலாம்."

"ஒரு லாரி போற அளவுக்குப் போதும்ணா" என்றார் ராசு. அதுவரை அவர் அண்ணா என்று சொல்லவில்லை.

மறுநாள் கிழங்கு போனது. மறியல் பந்தல் ரோட்டோரத்துக்கு மாறியது. என் கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அப்பா மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் பூ ஜாடி வைத்துவிட்டார். "தாசில்தார் உக்காந்த மேசம்மா, இதுல போய் சீட்டா?" என்கிறார். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. ஆகவே மாமா, நீங்கள் அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டு எப்படியாவது எனக்கு என் பக்கத்தை வாங்கித்தர வேண்டும். இந்த வீட்டில் என்னிடம் முகத்தை மறைக்கக்கூடியவர் யாருமில்லை, ஆட மட்டும் விட்டால் போதும்.

ஈரக்காற்றில் தலையைக் காட்டாதீர்கள். கப்பலில் உங்களோடு உண்பவர்கள் எல்லோருக்கும் வயிறு நிறையட்டும், உங்களுக்கு நல்ல சீட்டாக வரட்டும்.

உங்கள் பிரியமுள்ள
தங்கமணி

பி.கு.: அப்பாவுக்கு எழுத வேண்டாம். தபால் வண்டி நேற்றும் வராததால் உறை ஒட்டாமல் இருந்தது நல்லதாயிற்று. இன்று ஞாயிறு. தாசில்தார் உட்கார்ந்த மேசையில்தான் ஆடுவேன் என்று சுபாஷ் மாமா ஒற்றைக்காலில் நின்று பூ ஜாடியை அவரே எடுத்துக் கீழே வைத்தார். என்னையும் உட்காரச் சொன்னார்கள். ஒரே ஒரு ஆட்டம், புளியங்கொட்டை முழுவதும் என் வலையில். "நாற்காலில உக்காந்தா சீட்டே வர மாட்டேங்குதுப்பா, தலகாணில சாஞ்சாத்தான் மூளையே ஓடுது" என்று சுபாஷ் மாமா எழுந்தார். ஐந்து நிமிடத்தில் எல்லோரும் பாய்க்குத் திரும்பிவிட்டார்கள். எட்டுப் பக்க மேசையில் என் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன்.

அப்போது அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "எனக்கும் போடு" என்றாள். உனக்கு ஆடத் தெரியுமா என்று கேட்டேன். "உங்க மாமனுக்கு மொதமொத சீட்டுப் புடிக்கச் சொல்லிக்குடுத்தது யாருன்னு நெனச்ச?" என்றாள். நீங்களும் சொல்லவில்லையே மாமா.

அவள் முகத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. புளியங்கொட்டை அத்தனையும் இப்போது அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது.