முப்பத்தொன்றாவது தலை

மட்டாஞ்சேரியில் பிறக்கும் எந்தக் குழந்தையின் பெயரும், பிறப்புச் சான்றிதழில் ஏறுவதற்கு முன்பே தலையெண்ணி டீச்சரின் நோட்டில் ஏறிவிடும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸைக் கேட்கலாம். "டீச்சரே, அந்தக் குட்டி இன்னும் கண்ணே திறக்கலை" என்று அவர் விரட்டாத நாளில்லை.

எங்கள் பள்ளியின் தமிழ் மீடியம் ஒன்றாம் வகுப்பில் டீச்சர் ஏ டிவிஷன், நான் பி டிவிஷன். ஜூனில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் அரசாங்கக் கணக்குக்காகத் தலை எண்ணுவார்கள். முப்பது பிள்ளைகள் வரை ஒரே டிவிஷன், ஒரே டீச்சர். முப்பத்தொன்று ஆனால் இரண்டு டிவிஷன், இரண்டு பேருக்கு வேலை. டீச்சர் சீனியர், அவர் நாற்காலி அசையாது. ஆடுவது என் நாற்காலிதான்.

ஒரு காலத்தில் அந்த வகுப்பே மூன்று டிவிஷனாம். பிறகு இங்கிலீஷ் மீடியத்தின் மஞ்சள் பஸ்கள் தெருவுக்குள் வர ஆரம்பித்தன. டீச்சருக்கும் பித்துப் பிடித்தது.

பார்க்கும் பிள்ளையையெல்லாம் தலையில் ஒரு தட்டுத் தட்டி எண்ணுவார். படகில் எண்ணுவார், சாயாக்கடையில் எண்ணுவார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தபோது, யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் பழம்பொருள் கடை வாசலில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, கூடவே ஐந்து வயதுச் சுருட்டைமுடிப் பயல். டீச்சர் அவன் தலையிலும் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஜூன் வரைக்கும் இருப்பாங்களான்னு கேளு தம்பி."

"நாளைக்கு ஃபிளைட்டாம் டீச்சர்."

"விசாவை நீட்டிக்க முடியாதாமா?"

கல்யாண வீடுகளில் இன்னும் மோசம். மேடையேறிப் பொண்ணு மாப்பிள்ளை கையில் கவர் கொடுப்பார். உள்ளே அட்மிஷன் ஃபாரம் இருக்கும். என் கல்யாணத்துக்கும் அதே கவர்தான். தகப்பன் பெயர் இருக்குமிடத்தில் என் பெயரை அவரே எழுதியிருந்தார். மேடையிலேயே பிரித்துப் படித்த என் மனைவி கௌரி, விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று.

இந்த வருஷம் டீச்சர் ஏப்ரலிலிருந்தே அலைந்தார். மே கடைசியில் நோட்டில் சரியாக முப்பத்தொன்று. அன்று ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார்.

ஆறாவது நாள் காலை, தட்டித் தட்டி எண்ணிக்கொண்டு வந்தவரின் கை முப்பதில் நின்றது. செல்வி இல்லை. அவள் அப்பா கட்டட வேலைக்காரர். ஏலூரில் புது வேலை கிடைத்து முந்தின நாளே குடும்பத்தோடு போய்விட்டார்.

"ஸ்கூட்டரை எடு தம்பி!"

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மார்க்கெட்டைச் சுற்றினோம். மீன்காரச் சேச்சியிடம் கேட்டார். "எனக்குப் பிள்ளைங்க எல்லாம் கல்யாணமாயிப் போயாச்சு டீச்சரே." பேரப்பிள்ளைகள்? ஒன்று கைக்குழந்தை. "நடக்குமா?" என்றார் டீச்சர்.

மணி பதினொன்று. எனக்கே பாவமாகிவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"விடுங்க டீச்சர். போனாப் போகட்டும்."

"உனக்கென்ன, நீ விடுவே. உன் வேலைக்காக அலையறது நானில்லையா?"

ஆறேழு வருஷமாக அவருக்குப் பித்து என்று சொல்லி ஊரோடு சேர்ந்து சிரித்தவன் நான். சிரிக்கும்போதெல்லாம் அவர் அலைந்து காப்பாற்றிக் கொடுத்த மாதச் சம்பளத்தோடுதான் சிரித்திருக்கிறேன். முகம் சுட்டது.

"என் மோள் மீனு இருக்காளே டீச்சர்" என்றேன். அவளைக் கலூரில் ஒரு இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ப்பதாக ஏற்பாடு. அங்கே வகுப்பு அடுத்த வாரம்தான் தொடக்கம். டை, ஷூ எல்லாம் வாங்கியாகிவிட்டது.

டீச்சர் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "மூணு மாசமா அது என் நாக்கு நுனியிலதான் இருந்தது. உன் வேலையைக் காட்டி உன் பிள்ளையைக் கேக்கிறது நியாயமில்லைன்னு விட்டேன். இப்பவும் வேண்டாம். பயத்துல முடிவெடுக்காதே."

"பயத்துல இல்லை டீச்சர். நான் பாடம் நடத்துற இடம் என் பிள்ளைக்கு ஆகாதுன்னா, மத்தவங்க பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்?"

கௌரிக்குப் போன் செய்தேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"இதைச் சொல்ல இவ்வளவு நேரமா? ஃபாரம் பீரோவுலதானே இருக்கு" என்றாள்.

அரை மணியில் இருவரும் ஆட்டோவில் பள்ளிக்கு வந்து இறங்கினார்கள். மீனு கழுத்தில் கலூர் டை, காலில் பளபளக்கும் ஷூ. கௌரி கையில் அந்தக் கல்யாண ஃபாரம், மூலையில் குங்குமக்கறையோடு. டீச்சர் உட்கார்ந்து டையை அவிழ்த்து மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம் முதல் பெஞ்சிலிருந்து மறுபடி எண்ணினார். மீனுவின் தலையில் ஒரு தட்டு, முப்பத்தொன்று.

அதோடு நிற்கவில்லை. கதவோரம் நின்ற என் தலையையும் எட்டி ஒரு தட்டுத் தட்டினார்.

"முப்பத்திரண்டு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.