தெருவையே கூட்டிய ரிசீவர்

இலோய்லோ,
ஞாயிறு பிற்பகல்.

கப்பல் வேலையில் கடல் கடலாகச் சுற்றும் அன்பு மச்சான் எலிசியோவுக்கு, உன் அக்காள் புருஷன் அனக்லெட்டோ எழுதுவது. குழந்தை இயேசுவின் கிருபையால் இங்கே யாவரும் நலம். எனக்குக் காது மட்டும் சற்று மந்தம். காரணம் கீழே.

நீ அனுப்பிய 4கே டிவியில் செய்தி வாசிப்பவரின் மூக்கு மயிர்கூடத் தெரிகிறது. ஆனால் சத்தம்? தகர டப்பாவுக்குள் தவளை! உன் அக்காள் பெர்பெதுவாவின் பிறந்தநாளுக்குத் தெருவே மைக் பிடித்துப் பாட வருகிறதே, சத்தத்தைப் பெருக்கித் தரும் என் பழைய ரிசீவரையும் ஸ்பீக்கர்களையும் இதோடு சேர்த்துவிடலாம் என்று இறங்கினேன். ரிசீவரின் முதுகில் சிவப்பும் வெள்ளையுமாகத் துளைகள். டிவியின் முதுகில் அப்படி ஒன்றுகூட இல்லை. இரண்டுக்கும் நடுவில் வைக்கக் கடைக்காரன் ஒரு குட்டிப் பெட்டியும், வெளிச்சம் வழியாகச் சத்தம் போகும் வயரும் தந்தான். மாட்டினேன். மூச்சுப் பேச்சில்லை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த உன் அக்காள், "ஏங்க, வயரு முனையில தொப்பி மாட்டியிருக்கே, கழட்ட வேணாமா?" என்றாள். "அது டிசைன். நீ போய்க் கறிய வெட்டு" என்றேன். அவள் தலை மறைந்ததும் கழற்றினேன். தொப்பிதான்.

அப்போதும் சத்தம் வரவில்லை. ரிசீவரில் சத்தம் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு, ரிமோட்டில் ஒலி அமைப்புக்குள் புகுந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். பி.சி.எம். என்று ஒன்றைத் தொட்டதுதான் தாமதம், அதுவரை வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த சீரியல்காரி, "கொலைகாரி! பொணத்த எங்கடி மறைச்ச?" என்று இடி மாதிரி அலறினாள். ஜன்னல் அதிர்ந்தது. வயரைப் பிடுங்கப் பாய்ந்தவன் டிவி மேசைக்கும் சுவருக்கும் நடுவில் தலைகுப்புறச் சிக்கிக்கொண்டேன். பாட்டுச் சத்தத் தகராறில் இரண்டு வருஷமாக உன் அக்காளோடு பேசாத பக்கத்துவீட்டு ருஃபினா, உடனே ஊர்க்காவல்காரர்களைக் கூட்டி வந்துவிட்டாள். அவர்கள் தடியோடு நுழைய, பெர்பெதுவா பன்றி ரத்தம் சொட்டும் கத்தியோடு ஓடி வர...

"அக்கா, கத்தியக் கீழ போடுங்க. மெதுவா."

"கீழ போட்டா தரையெல்லாம் கறை. நீயா தொடைப்ப?"

"பொணம் எங்க?"

"எந்தப் பொணம்? என் வீட்டுக்காரரத்தான் காணோம்!"

"ஐயோ, அங்க ரெண்டு கால் தெரியுது!"

"உயிரோடதான்யா இருக்கேன்! யாராவது சத்தத்தக் குறைங்க!" என்று கதறினேன்.

"குறைக்காதீங்க!" என்று தடுத்தது யார் தெரியுமா, ருஃபினா! "என் டிவி ரிப்பேராகி ஒரு வாரமாச்சு. பொணம் எங்கன்னு இப்பத்தான் சொல்லப்போறா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் உன் அக்காளும், கத்தியோடு. விளம்பரம் வந்த பிறகே என்னை உருவி எடுத்தார்கள்.

அன்றைய கொண்டாட்டத்தில் முதல் பாட்டு காவல்காரர் ஒருவருடையது. பிறகு இரண்டு பெண்களும் ஒரே மைக்கைப் பிடித்துப் பாடினார்கள். பன்றித்தோலில் மொறுமொறுப்பான துண்டைப் பெர்பெதுவா ருஃபினாவுக்கே ஊட்டினாள். மச்சான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ வாங்கித் தருவதாகச் சொன்ன புது ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். பிரிந்தவர்களைச் சேர்த்த இந்த ரிசீவர் என் ஆயுள்வரை இங்கேயே இருக்கும்.

நீ போகும் கடலெல்லாம் அலையடங்கிக் கிடக்க வேண்டிக்கொள்ளும்,
அனக்லெட்டோ

பி.கு.: இருவரும் இப்போது தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாடுகிறார்கள். இதோ, ஆரம்பித்துவிட்டார்கள். அவசரம்: எதைக் கழற்றினால் சத்தம் அடியோடு போகும், ஆனால் கழற்றியது நான்தான் என்று தெரியாது? பதிலை என் பெயருக்கு மட்டும் அனுப்பு.