இங்கிரிட் கையில் காப்பு

இங்கிரிட்டின் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைப் பார்த்ததும் புகழேந்தி ஓடிவந்தான்.

"மேடம், இதை யாரு கட்டினது?"

"பூசாரி. எல்லாரும் கை நீட்டினாங்க. நானும் நீட்டினேன்."

இங்கிரிட் டென்மார்க்காரி. வருடா வருடம் வந்து, ரமணாசிரமம் பக்கத்து விடுதியில் மாதக்கணக்கில் தங்குகிறவள். தமிழ் அவளுக்கு மெதுவாக வரும், ஆனால் தப்பில்லாமல் வரும். அந்த விடுதிக்கு மேனேஜர் புகழேந்தி. ஊர் திரும்புகிற நாளில் கிராமத்துத் திருவிழா பார்க்க வேண்டும், அதுவும் புகழேந்தியின் மனைவி கீர்த்தனாவின் ஊர்த் திருவிழாதான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டாள். "கூட்டிட்டுப் போ. விமானத்தை விட்டா உனக்கு வேலை இல்ல" என்று சொல்லித்தான் முதலாளி காரைக் கொடுத்தார்.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டியிருந்த அந்த ஊரில் திரௌபதி அம்மனுக்குக் காப்பு கட்டியவர்கள், பதினெட்டாம் நாள் தீ மிதிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இங்கிரிட்டுக்கோ ராத்திரி சென்னையில் விமானம். பகல் பன்னிரண்டுக்காவது கிளம்பியாக வேண்டும். இப்போதே மணி பதினொன்று.

"துண்டால கையை மூடிக்குங்க மேடம். நைசா அறுத்துடறேன்."

சாவிக்கொத்தில் தொங்கிய சின்னக் கத்தி கயிற்றில் படுவதற்குள், பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "காப்பை அறுக்கறான் பாரு."

கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"அறுக்கலைங்க. மேடத்துக்குக் காய்ச்சல், நாடி பாத்தேன்."

"கத்தியை வெச்சிக்கினா நாடி பாப்பாங்க?"

"காய்ச்சல் ஜாஸ்தி. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"காப்பு கட்டின உடனே காய்ச்சலா? அப்ப ஆத்தா வந்திருக்கா."

அவ்வளவுதான். பெண்கள் இங்கிரிட்டை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, கையில் வேப்பிலையைக் கொடுத்துவிட்டார்கள். அவளிடம் விபூதி வாங்க வரிசை நின்றது. அவளும் சிரித்த முகமாக ஒவ்வொருவர் நெற்றியிலும் பூசினாள். அவள் பதற வேண்டியதையும் சேர்த்துப் புகழேந்தியே பதறினான்.

"என்னங்க, பதினொன்றரை ஆச்சு. பூசாரி மாமாவையே கேளுங்களேன்" என்றாள் கீர்த்தனா.

பூசாரி சகாதேவன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "வா மாப்ள. மூணு வருஷமா காப்பு கட்டற அன்னிக்கு மட்டும் உனக்கு லீவே கிடைக்கலையாமே."

புகழேந்தி தலையைக் குனிந்துகொண்டான். கீர்த்தனா டெங்குவில் படுத்திருந்தபோது, அவள் பிழைத்தால் தீ மிதிக்கிறேன் என்று இதே சன்னதியில் அழுதவன் அவன். அவள் பிழைத்தாள். அன்றிலிருந்து தோசைக்கல் காய்வதைப் பார்த்தாலே அவனுக்கு உள்ளங்கால் கூசும்.

"அது கிடக்கட்டும் மாமா. இவங்க காப்பை அவுத்து விடுங்க. விமானம் போயிடும், என் வேலையும் போயிடும்."

"அவுக்கக் கூடாது. வேற கைக்கு மாத்தலாம். அதுவும் கூட்டிட்டு வந்தவன் கைக்குத்தான்."

"மாத்தினா... தீ?"

"பின்ன, கைக்கு அழகுக்கா கட்டறோம்?"

சாலையில் டிரைவர் ஹாரன் அடித்தான். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். புகழேந்தி கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினான். கயிறு இறுகியது. கூட்டம் "கோவிந்தா" என்று முழங்கியது. கீர்த்தனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்குப் பயம்தான். ஆனாலும் மூன்று வருடமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கியதுபோலவும் இருந்தது.

எல்லைக் கல்வரை காரோடு நடந்து போனான். அதற்கு மேல் அவன் போகக் கூடாது.

"மன்னிச்சிக்குங்க மேடம். கடைசி நாள்ல உங்களை ரொம்பப் பயப்படுத்திட்டோம்."

இங்கிரிட் கண்ணாடியை இறக்கினாள்.

"பயமா? எனக்கு ஏன் பயம்? கீர்த்தனா நேத்தே சொல்லிட்டாங்களே, நீங்க கையை மட்டும் நீட்டுங்க, பன்னண்டு மணிக்குள்ள அவரே தன் கைக்கு மாத்திக்குவாருன்னு."