சேகர் எங்கே என்று கேட்டேன்

நான் மிகவும் பாசக்காரன். இதை நானே பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். வேறு யாரும் சொன்னதாக நினைவில்லை.

மலேசியாவில் சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சேகரும் நானும் அடுத்தடுத்த வீடு, பள்ளியில் ஒரே பெஞ்சு. ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது நான் ஈப்போவுக்கு, ஜெலாப்பாங் தொழிற்சாலை வேலைக்கு வந்துவிட்டேன். அவன் சுங்காயிலேயே லோரி ஓட்டினான். "கூடப் பிறக்காத தம்பி" என்று அவனைப் பற்றி ஈப்போ முழுக்கப் பெருமையடிப்பேன். அவனுக்கு மட்டும் போன் செய்யமாட்டேன். அவன் அழைத்தால், "ஞாயித்துக்கெழம வாரேன்டா" என்று செய்தி அனுப்புவேன். எந்த ஞாயிறு என்று சொன்னதில்லை.

பழைய தோட்டத்து ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. விடிந்தால் பூப்படமும் காலை வணக்கமும்தான். வாரத்துக்கு ஒருமுறை திறந்து, எதையும் படிக்காமல், எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் போட்டுவிட்டு மூடிவிடுவேன். (அதைத்தான் தொடர்பில் இருப்பது என்று நினைத்திருந்தேன்.)

போன வருடம் ஈப்போவில் ஒரு கல்யாண விருந்து. கையில் தட்டோடு நின்றபோது சேகரின் மனைவி லெட்சுமி எதிரே வந்தாள். அவள் நெற்றியைப் பார்த்திருந்தாலே புரிந்திருக்கும். நான் பிரியாணி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னா லெட்சுமி, சேகர் எங்க? காடி பார்க் பண்றானா?"

"அவரு போயி எட்டு மாசமாச்சுண்ணே."

"சிங்கப்பூருக்கா? சொல்லவே இல்ல பாத்தியா, திருட்டுப்பய! நல்ல சம்பளமா?"

என் மனைவி முழங்கையைக் கிள்ளினாள். கோழி தீரப்போகிறது என்கிறாள் போல என்று எண்ணி, "இரு, வாரேன்" என்றேன்.

லெட்சுமி மெதுவாகச் சொன்னாள்: "செத்துப் போயிட்டாருண்ணே. நெஞ்சு வலி. குரூப்ல போட்டமே. நீங்ககூட கட்டைவிரல் போட்டிருந்தீங்க."

மரணச் செய்திக்கு மட்டுமல்ல, கருமாதி அறிவிப்புக்கும் போட்டிருந்தேன் என்பது பிறகு தெரிந்தது.

தெரியாது என்றால் படிக்கவில்லை என்றாகும். தெரியும் என்றால் அதைவிட மோசம். என் முகம் எப்படிப் போனதோ, லெட்சுமி சட்டென்று சிரித்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அது எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் என் மனைவி அவளை அணைத்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிரும்மா" என்றேன். அழுகை வந்தது. தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல், அதைப் பிடித்தபடியே அழுதேன்.

"விடுங்கண்ணே," என்று அவள் கண்ணைத் துடைத்தாள். "எங்கிட்ட யாரும் அவரு பேரயே எடுக்கறதில்ல. சிங்கப்பூருக்கான்னு நீங்க கேட்டப்ப, ஒரு நிமிசம் நானும் அப்படித்தான்லா நெனச்சிக்கிட்டேன். நல்லா இருந்திச்சி."

அடுத்த ஞாயிறே சுங்காய்க்குப் போனோம். அவன் வீட்டு நாற்காலியில் அவன் படத்துக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் அவனைப் பற்றியே பேசினேன். லெட்சுமி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து எந்த விருந்துக்குப் போனாலும், மண்டப வாசலிலேயே என் மனைவி காதில் ஓதிவிடுவாள்: "அந்தா பச்சச் சேல, அவங்க வீட்டுக்காரரு இருக்காரு, கேக்கலாம். பக்கத்துல இருக்கிற அக்காகிட்ட கேக்காதீங்க." பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இப்போதெல்லாம் 'கேக்கலாம்' என்று அவள் சொல்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.