மாயக்கண்ணனின் டூப்ளிகேட் ஹாண்டில்

மாயக்கண்ணன் சும்மாதான் அடித்தான். கம்ப்யூட்டரோடு கோத்த, தாளில் அடித்துக் கொடுக்கும் டெலிடைப் மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு வரி வேண்டுமே. ஆங்கில எழுத்தில், சுத்தத் தமிழில், "மேனேஜர் மூஞ்சி சுட்ட கத்திரிக்காய்" என்று அடித்து வைத்தான். பக்கத்து மேசைச் சந்தனமேரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

சிரித்து முடிக்கவில்லை, சுவருக்கு அப்பால் மேனேஜர் உடையப்பனின் அறையிலிருந்து டக் டக் டக் என்று சத்தம் கேட்டது.

மாயக்கண்ணன் மெஷினிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தான். அந்த அறையிலும் ஒரு டெலிடைப் இருக்கிறது. மெட்ராஸிலிருந்து கம்பெனி டைரக்டர்கள் வேறு வந்திருக்கிறார்கள். இவன் வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இன்றைக்குத்தான் மேனேஜர் அவர்களிடம் பேசப் போகிறார்.

"என்னங்க, அங்குட்டும் அடிக்குது?" என்றாள் சந்தனமேரி.

"ஹாண்டிலை மூடிட்டுத்தானே சாப்பிடப் போனேன்."

ஹாண்டில் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. கம்ப்யூட்டர் ஒரு மெஷினுக்கு எழுத, அதற்கு ஒரு பிடி வேண்டும். மேனேஜர் மெஷினின் பிடிக்கு டூப்ளிகேட் எடுத்து, இவன் மெஷினின் பிடி இருந்த இடத்தில் வைத்துவிட்டால், இங்கே அடிப்பது அங்கே போய் விழும். காரைக்குடியில் அந்த எழுபத்தெட்டாம் வருஷம் இதைச் செய்யத் தெரிந்தவன் தான் ஒருத்தன்தான் என்று மாயக்கண்ணனுக்கு ஏகப்பட்ட தலைக்கனம். காலையிலிருந்து டூப்ளிகேட் டூப்ளிகேட்டாக எடுத்துத் தள்ளியிருந்தான்.

பதறிப்போய் எல்லாவற்றையும் மூடச் சொன்னான். 'அப்படி எதுவும் திறந்திருக்கவில்லை' என்றது கம்ப்யூட்டர். சுவருக்கு அப்பால் டக் டக் நிற்கவில்லை.

"பொய் சொல்லுது சனியன்."

"டூப்ளிகேட்டுக்கு டூப்ளிகேட் எடுத்தீகளோ என்னமோ" என்றாள் சந்தனமேரி. "நம்ம ஊரு வீடு மாதிரிதான். முன்வாசலைப் பூட்டிட்டு நிம்மதியாப் போவோம். பின்வாசல் அடுத்த தெருவுல பப்பரப்பான்னு தொறந்து கெடக்கும்."

"வயித்துல புளியைக் கரைக்காதீக மேரி. இப்ப என்ன செய்ய?"

"மன்னிப்புக் கேட்டுருங்க. வேற வழி?"

மன்னிப்பாவது தவறாமல் போய்ச் சேர வேண்டுமே என்று மேனேஜர் மெஷினின் பிடிக்குப் புத்தம் புதிதாக ஒரு டூப்ளிகேட் எடுத்து வைத்தான். 'மேலே உள்ள வரிக்கு மன்னிக்கவும். இப்படிக்கு, மாயக்கண்ணன்' என்று அடித்தான்.

அப்பால் சத்தம் சட்டென்று நின்றது.

"வாசிச்சுட்டாரு" என்றான்.

"பேரை ஏங்க போட்டீக? இல்லாட்டி யாரு அடிச்சதுன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

அது இப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது. அவசரமாக, 'முகம் ஆண்டவன் கொடுத்தது. அதில் தங்கள் தவறு எதுவுமில்லை' என்று இன்னொரு வரி அடித்தான். டக் டக் மறுபடி தொடங்கியது, முன்னைவிட வேகமாக.

"ஐயோ, கோவப்படுறாரு."

'எனக்குக் கத்திரிக்காய் என்றால் உயிர். மேலும், சிரித்தது சந்தனமேரி.'

"அடப்பாவி மனுசா, என்னை எதுக்கு இழுத்து விடுறீக?"

அவள் கத்தியது அவன் காதில் ஏறவில்லை. காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்து ஓடினான். மேனேஜர் அறைக் கதவைத் தள்ளினான்.

உள்ளே மேனேஜர் இல்லை. மெட்ராஸ்காரர்கள் இல்லை. டெலிடைப்பும் இல்லை. பாதித் தரையில் ஆத்தங்குடிக் கல் பளபளத்தது. மீதித் தரையில் ஒரு கொத்தனார் குந்தியிருந்து, கல்லைப் பதித்து மரக்கட்டையால் டக் டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தார்.

மாயக்கண்ணன் அந்தக் கட்டையையே வெறித்துப் பார்த்தான். அப்படியானால் அந்தக் கத்திரிக்காய் வரி எங்கேயும் போகவில்லை. கம்ப்யூட்டர் சொன்னது சத்தியம். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது, ஒரு நிமிஷம்.

அட்டெண்டர் சின்னக்கருப்பு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"இங்குட்டா இருக்கீக சார்? தரை வேலை முடியலைன்னு காலையிலயே மெஷினை ஹாலுக்குத் தூக்கிட்டோம்ல. மெட்ராஸ் ஐயாமாரெல்லாம் அதைச் சுத்தித்தான் உக்காந்திருக்காக. மேலே உள்ள வரின்னு போட்டிருக்கீகளாமே, மேல வெறும் வெள்ளைத்தாளுதான் இருக்காம். அந்த வரி என்னன்னு உங்களையே வந்து வாயால சொல்லச் சொன்னாரு மேனேஜர்."